நடுவில் இருந்த கார்டு

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கைதான் போகும். அந்த வயதில் ரொம்ப மோசம்.

அறுபதுகளின் கடைசி. ஓசூர் பக்கத்தில் மத்திகிரியில் அக்கா வீட்டில் தங்கி, தினமும் பஸ் பிடித்து பெங்களூர் போய் வருவேன். ஆக்ஸிஜன் சிலிண்டர் செய்கிற கம்பெனி. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. அது என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாததால் பெரிய இவனாட்டம் திரிந்தேன். தண்ணீரை அழுத்தி ஏற்றி ஒவ்வொரு சிலிண்டரையும் சோதிப்பார்கள். சிலிண்டருக்கு ஒரு கார்டு. தேறியதா இல்லையா என்று அதில் ஓட்டை போட்டிருக்கும். ஒரே தடவையில் செய்த சிலிண்டர்கள் ஒரு லாட், அவற்றின் கார்டுகள் ஒரு கட்டு. அந்தக் கட்டிலுள்ள எல்லாக் கார்டும் தேறியிருந்தால்தான் என் புரோகிராம் ‘அனுப்பலாம்’ என்று அச்சடிக்க வேண்டும். ஒன்று தேறாவிட்டாலும் அந்த லாட் வெளியே போகக் கூடாது.

அக்கா வீட்டுக்காரருக்கு ஓசூரில் வெல்டிங் பட்டறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே சிலிண்டர் வெடித்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கூரைத் தகரம் ரோட்டுக்கு அந்தப்பக்கம் கிடந்தது. சுவரெல்லாம் ரத்தம். மாமாவுக்கு வலது முழங்கைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவர் கத்தக்கூட இல்லை, கை எங்கேடா என்று என்னைக் கேட்டார். காலடியில் சிலிண்டரின் கழுத்துத் துண்டு கிடந்தது. அதில் எங்கள் கம்பெனி முத்திரையும் நம்பரும்.

மறுநாள் கம்பெனியில் அந்த லாட்டின் கார்டுக் கட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த நம்பர் தேறவில்லை என்றுதான் கார்டில் இருந்தது. அப்படியும் லாட்டுக்கு ‘அனுப்பலாம்’ என்று அச்சாகியிருந்தது. அந்தக் கார்டு கட்டின் நடுவில் இருந்தது. சோதனை ஷெட்டில் தேறாத கார்டை எப்போதும் கடைசியில் வைப்பார்கள், கையால் உருவ வசதியாக. புதிதாக வந்த கன்னடக்காரர் எல்லாவற்றையும் நம்பர் வரிசையில் அடுக்கியிருந்தார். பாவி, உன்னால்தானே என்று நேரே போய் அவர் மூக்கில் குத்தினேன். கீழே விழுந்தவர் மேல் ஏறி உட்கார்ந்து குத்தினேன். பல் ஒன்று தெறித்தது. நாலு பேர் இழுத்துப் பிரிக்கிறவரைக்கும், நான் என்ன செய்தேன் என்று அவர் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கார்டு எங்கே இருந்தால்தான் என்ன, மெஷின் எல்லாவற்றையும் படிக்கிறதே? நான் எழுதிய புரோகிராமை எடுத்துப் பிரித்தேன். கார்டு தேறினால் விடை ‘சரி’, தேறாவிட்டால் ‘தப்பு’ என்று ஒவ்வொரு கார்டுக்கும் புதிதாக மாற்றச் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு ‘தப்பு’ வந்தாலும் அடுத்த நல்ல கார்டு அதை அழித்துவிடும். கடைசிக் கார்டு சொல்வதுதான் முடிவு. ஒருமுறை ‘தப்பு’ விழுந்தால் அப்புறம் அதைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். அதைக்கூட எழுதத் தெரியாத நாய் நான். தேறாததைக் கடைசியில் வைக்கிற பழக்கம்தான் இத்தனை மாதம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் என் வீங்கிய கையை அக்கா பார்த்தாள். கார்டை மாற்றி வைத்தவனைப் பற்றி அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அவன் கைய ஒடச்சியா இல்லியாடா?”

“அவரு மேல தப்பில்லக்கா. நான் எழுதுனதுதான் தப்பு.”

புரியவில்லை என்றாள். மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவும் கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாடு கொண்டுவந்திருந்த தூக்குப்போசியால் என் முகத்தில் அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள். நான் தடுக்கவில்லை. விடு என்று மாமா ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.