தொட்டியில் விட்ட விரால்

காகித ஆலையின் கழிவுநீர் ஆய்வகத்தில் கெமிஸ்டாக இருந்தபோது, தெரிந்தே தொட்டியில் விரால் மீன்களை விட்டேன். அது மோசடி.

சுத்திகரித்த தண்ணீர் வாய்க்காலில் விழுமுன் ஒரு சிமெண்ட் தொட்டியில் நிறைந்து வழியும். அதில் மீன் நீந்தினால் தண்ணீர் நல்லது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதலில் கெண்டைக் குஞ்சுகளைத்தான் விட்டேன். தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தும் ஏரேட்டரைக் கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தும் நாட்களில் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கிவிடும். குஞ்சுகள் வாயைப் பிளந்து மிதக்கும். ஓர் ஆய்வுக்கு முந்தின நாளும் மிதந்தன. மேலாளரிடம் போனேன்.

“கெண்டை தாங்கல சார். ஏரேட்டரை ஓட விடணும்.”

“தாங்குற மீனாப் பாத்துப் போடுங்க. என்ன மீனுன்னு யாரு கேக்கப்போறா?”

விரால் மேலே வந்து காற்றைக் குடித்து உயிர் வாழும். சந்தையிலிருந்து உயிரோடு வாங்கிவந்து விட்டேன். வந்த அதிகாரி அவை துள்ளுவதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். யாரும் கேட்கவில்லை.

ஆலைக்குக் கீழே அதே வாய்க்காலில் அயிரை பிடித்து, திருவிடைமருதூரில் விற்றுப் பிழைத்தவர் காசியம்மாள். அயிரை அற்றுப்போனதும் ஆலை கேட்டில் வந்து நின்றார். தொட்டியில் மீன் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளே அழைத்துக் காட்டவில்லை. பிறகு அவர் கடல்மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கப் போனார்.

ஓய்வு பெற்ற பிறகும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“விராலா? அது சேத்துல கெடந்தே கோடையத் தாண்டுமே சார். என்னை ஒரு தடவ உள்ள விட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

“அதனாலதாம்மா விடல.”

சிரிப்பு நின்றது. “இத நாலு பேரு முன்னால எழுந்து சொல்லுங்க” என்றார்.

விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இருவரும் எழுந்து பேசினோம். ஆலைக்கு முன்கூட்டிச் சொல்லாமல், கெண்டைக் குஞ்சுகளை வலைக்கூண்டில் வைத்து அதிகாரிகளைத் தொட்டியிலும் வாய்க்காலிலும் இறக்கிப் பார்க்கச் சொன்னோம். இறக்கிய மறுநாள் காலையில் இரண்டு கூண்டிலும் குஞ்சுகள் மல்லாந்து கிடந்தன.

இப்போது ஏரேட்டர் நிற்பதில்லை. அதன் இரைச்சல் சாலைவரை கேட்கிறது. வாய்க்காலில் கெண்டை திரும்பிவிட்டது. அயிரை அடிமண்ணில் மேய்கிற மீன். அடியில் படிந்த காகித நார்ச்சேறு இன்னும் அப்படியே கிடக்கிறது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: எந்த மீனை வைத்துச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். ஏன் அந்த மீன் என்பதையும் எழுதுங்கள்.

காலையில் மதகடிக்குப் போய் அயிரை தெரிகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். காசியம்மாள் மீன்கூடையோடு அந்த வழியாகத்தான் போவார்.

“இருக்கா சார்?”

நான் நிமிர்வதற்குள் நடந்துவிடுகிறார்.