வெறுங்கண்ணுக்குத் தெரியாத பிறை

அருப்புக்கோட்டையில் பைப்பும் மோட்டாரும் விற்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் திருச்சுழி, எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துச் சம்சாரிகள், விவசாயம் பார்க்கிறவர்கள். எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கும் என்பதுதான் அவர்கள் பேச்சு. நானோ கல்லாவில் உட்கார்ந்துகொண்டு தலைக்கு மேலே இருப்பதைப் பற்றிப் போனில் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு வியாபாரிக்கு இது அழகா என்று என் மனைவி பலமுறை கேட்டுவிட்டாள். அவள் கேட்பதிலும் தப்பில்லை. வியாபாரம் ஒன்றும் ஓஹோ என்று இல்லை.

இந்தப் பழக்கம் போனில்தான் தொற்றியது. ஒருநாள் கரண்ட் போன நேரத்தில் மொட்டை மாடியில் நின்று, வானத்தை நோக்கிப் பிடித்தால் நட்சத்திரத்தின் பெயர் சொல்லும் ஆப் ஒன்றைத் திறந்தேன். எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு மேலே பளிச்சென்று நின்றதை வியாழன் என்று அது சொன்னது. இத்தனை வருஷம் அது அங்கேயே இருந்திருக்கிறது, நான் ஒருநாளும் யார் என்று கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அப்புறம் வீடியோக்கள். ஒரு வீடியோவுக்குக் கீழே யாரோ போட்டிருந்த இணைப்பைத் தட்டி, வானம் பார்க்கும் தமிழர்களின் குழு ஒன்றில் போய் விழுந்தேன்.

அந்தக் குழுவில் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. வானம் மட்டும் தெரியும். பெங்களூர்க்காரருக்கு நிலாவையும் நாலைந்து நட்சத்திரத்தையும் தவிர வேறு எதுவும் கிடைக்காது. ஊட்டிக்காரர் எப்போதும் மேகத்தைத் திட்டுவார். புதிதாக வருகிறவர் எல்லாரும் எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று கேட்பார்கள், முதலில் ஒரு பைனாகுலர் வாங்குங்கள் என்று பழையவர்கள் சொல்வார்கள், புதியவர் அதைக் கேட்கமாட்டார். நானும் கேட்கவில்லை. கோயம்புத்தூர் உறுப்பினர் ஒருவர் தன் பழைய லென்ஸ் தொலைநோக்கியை விற்றபோது வாங்கிவிட்டேன். பார்சலில் கடைக்கு வந்திறங்கியதைப் பார்த்த லோடுமேன், புதுக் கம்பெனி பைப் சாம்பிளா என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அதற்குப் பெயர் குழாய்.

இரவு வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. குழுவில்தான் அதைக் காட்டினார்கள். அதில் மதுரை வெள்ளையாக எரியும். காரியாபட்டி வரைக்கும் அதன் சூடு தெரியும். திருச்சுழியைத் தாண்டித் தெற்கே போனால் கருநீலம். மழை இல்லை, கம்பெனி இல்லை, பிழைப்பு இல்லை என்று நாங்கள் புலம்பும் மண்ணைப் பார்த்து, கொடுத்து வைத்தவர் சார் நீங்கள் என்று பெங்களூர்க்காரர் எழுதினார். எங்கள் மண்ணைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டதை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

நிலா விஷயம் முழுக்கத் தூத்துக்குடியில் ஒரு அம்மா பொறுப்பு. வங்கியில் வேலை. மாதம் பிறக்கும்போது பிறை எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கும், எப்படிச் சாய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அனுப்புவார். பார்த்தவர்கள் எழுதும்போது வெறுங்கண்ணால் பார்த்தீர்களா, பைனாகுலரிலா, தொலைநோக்கியிலா என்று தனித்தனியாக எழுத வேண்டும். பார்க்கவில்லை என்பதையும் எழுத வேண்டும், அவருக்கு அதுவும் கணக்கு. இன்னொரு விதியும் வைத்திருந்தார். வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது என்று தோன்றினால், தொலைநோக்கியைத் தொடுமுன் கொம்பு இரண்டும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகுதான் குழாயில் சரிபார்க்கலாம். இடம் தெரிந்த கண் ஆசையில் பொய் சொல்லும் என்பார். இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குக் கறாரான ஆட்களைப் பிடிக்கும்.

எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தும் கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் கேட்கும். நோன்பு இருபத்தொன்பது முடிந்த மாலையில் யாராவது கண்ணால் பிறை பார்த்தால் மறுநாள் பெருநாள். இல்லையென்றால் முப்பதாவது நோன்பு. எங்கள் பள்ளியில் குழாய்க்கும் கம்ப்யூட்டர் கணக்குக்கும் மரியாதை உண்டு, ஓட்டு கிடையாது. நான் அதில் குறை சொன்னதில்லை. பார்த்தேன் என்று சொல்ல ஒரு மனுஷன் வேண்டும் என்பது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அந்த வருஷம் என் மகன் லீவில் வந்திருந்தான். துபாயில் ஏசி மெக்கானிக். ஆறு வருஷமாக ஒரு பெருநாளும் எங்களோடு இல்லை. இந்தத் தடவை எப்படியோ நோன்பின் பாதியில் வந்துவிட்டான். ஆனால் திரும்பும் டிக்கெட்டைக் கம்பெனியே போட்டிருந்தது, நோன்பு இருபத்தொன்பதுக்கு மறுநாள் மதியம், மதுரையிலிருந்து, நடுவில் விமானம் மாறி. மாற்றமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, இருபத்தொன்பதில் பிறை தெரிந்தால் காலையில் தொழுதுவிட்டு, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவான். தெரியாவிட்டால் எங்கள் பெருநாளுக்கு முந்தின நாளே போய்விடுவான். துபாயில் எங்களுக்கு ஒருநாள் முன்னால் நோன்பு தொடங்கி, எங்கள் இருபத்தொன்பதில் அங்கே முப்பதும் முடிவதால், மறுநாள் பெருநாள் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். இவன் போய் இறங்கும்போது அதுவும் முடிந்திருக்கும்.

தூத்துக்குடி அம்மாவின் கணக்கு இரண்டு நாள் முன்பே வந்தது. உங்கள் பக்கம் மயிரிழையில் இருக்கிறது, குழாயில் வரும், கண்ணுக்கு வருவது சந்தேகம் என்று எழுதியிருந்தார். அதை வீட்டில் நான் சொல்லவில்லை. மனைவி கறிக்கடையில் சொல்லி வைத்துவிட்டாள். மகனுக்கு எடுத்த புதுச் சட்டை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் இருந்தது.

மாலையில் நானும் அவனும் குழாயைத் தூக்கிக்கொண்டு பைக்கில் திருச்சுழி ரோட்டில் போனோம். தண்ணீர் இல்லாத கண்மாய் ஒன்றின் கரையில், மேற்கே மறைப்பே இல்லாத இடம் பார்த்து ஸ்டாண்டை ஊன்றினேன். பாங்கு நேரத்துக்குப் பேரீச்சம்பழம் தின்று, கஞ்சி குடித்து நோன்பு திறந்தோம். அங்கேயே துண்டை விரித்துத் தொழுதோம். வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. கரையோரக் கருவேலத்துக்கு மேலே நாலு விரல் உயரத்தில் தேடும்படி அவனிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் கையை நீட்டினான்.

"அத்தா, அந்தா தெரியுது."

நானும் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்கு வயதாகிவிட்டது, அவன் கண் நல்ல கண். என் மனைவிக்கு உடனே போன் போட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் என் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது, கொம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று.

இடப்பக்கம், நிமிர்ந்து நிற்கிறது என்றான்.

பள்ளிவாசல் மினாராவில் நிற்கும் பிறை அப்படித்தான் நிற்கும். வாழ்த்து அட்டையிலும் அப்படித்தான். ஆனால் பங்குனி வாக்கில் எங்கள் ஊர் வானத்தில் பிறை நிற்காது, தோணி மாதிரி மல்லாந்து படுத்திருக்கும். நான் குழாயைத் திருப்பித் தேடினேன். கிடைத்தது. வெட்டிப்போட்ட நகத்தைவிட மெல்லிசாக, இரண்டு கொம்பும் மேலே பார்த்தபடி படுத்திருந்தது. அவனைப் பார்க்கச் சொல்லி ஒதுங்கினேன்.

ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்து வெறுங்கண்ணால் அந்த இடத்தைத் தேடினான். மறுபடி குனிந்தான். பிறகு, நான் பார்த்த இடம் அது இல்லை போல என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் துண்டை மடித்தான். அவன் பொய் சொன்னதாக நான் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து வந்தவனுக்கு அந்த மினாராப் பிறை நிஜமாகவே தெரிந்திருக்கும்.

ஜமாஅத் தலைவர் போன் செய்தார். பள்ளி மாடியில் யாருக்கும் தெரியவில்லை, கடற்கரை ஊர்களில் எல்லாம் மேகம், உங்கள் பக்கம் என்ன என்று கேட்டார். குழாயில் வந்தது, கண்ணுக்கு வரவில்லை என்றேன். அவர் உடனே வைக்கவில்லை. என் மகன் மறுநாள் போவது அவருக்கும் தெரியும். அவருக்கும் ஒரு மகன் அங்கே இருக்கிறான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தம்பி கண்ணு சின்னக் கண்ணு. அவருக்குமா தெரியல?"

மகன் பக்கத்தில்தான் நின்றான். போனிலிருந்து வந்தது அவனுக்கும் கேட்டது. ஆம் என்றோ இல்லை என்றோ அவன் தலையசைக்கவில்லை. அந்த மனுஷர் பெரிய மனசு பண்ணி ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார், உள்ளே போக ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஊர் முழுக்க ஒரு நோன்பை விட்டுவிடும்.

"அவனுக்கும் தெரியல" என்றேன்.

வீட்டுக்கு வரும்போதே முப்பது என்று பள்ளியில் அறிவித்துவிட்டார்கள். மகன் அம்மாவைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தது, அத்தா கொம்பைப் பற்றிக் கேட்டதும்தான் குழம்பிவிட்டேன் என்று நடந்ததை அப்படியே சொல்லிவிட்டான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"புள்ள பாத்தேன்னு சொல்லியிருக்கான். நீங்க எதுக்குங்க அவன்ட்ட கேள்வி கேட்டீக?"

தூத்துக்குடி அம்மாவின் விதியை அந்த அடுப்படியில் யாரிடம் போய் விளக்குவது?

வழக்கப்படி குழுவில் எழுதினேன்: வெறுங்கண் இல்லை, தொலைநோக்கி ஆம். அன்று தென்பக்கத்தில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லையாம். கைதட்டலும் வாழ்த்துமாகப் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பெங்களூர்க்காரர் மறுபடியும் கொடுத்து வைத்தவர் என்றார். வீட்டுச் சமாசாரத்தை அங்கே எழுதும் வழக்கம் இல்லை, நானும் எழுதவில்லை. நல்ல மனிதர்கள்தான். ஆனால் அன்று அவர்கள்மேல் எனக்கு எரிச்சலாக வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மகன் எங்களோடு விடியுமுன் எழுந்து சஹர் சாப்பிட்டான். அங்கே முன்கூட்டியே தொடங்கியதில் அவனுக்கு அது முப்பத்தோராவது நோன்பு. பிரயாணக்காரனுக்குக் கட்டாயமில்லை, விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தேன், வைத்துக்கொள்கிறேன் என்றான். புதுச் சட்டையை அம்மா அவன் பெட்டியில் மடித்து வைத்தாள். காரியாபட்டி வழியாக ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனதும் திரும்பிக் கையை ஆட்டினான்.

நான் சொன்னது சரி. இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சரியைச் சொன்னால் மனசு லேசாகிவிடும் என்பார்கள், எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு அவன் நோன்போடு ஏறி, நோன்பே வைக்கக்கூடாத ஊரில் போய் இறங்கினான். அங்கே அது பெருநாள். எங்கள் வீட்டில் நோன்பு திறந்து வெகுநேரம் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது. மனைவி கண்ணாடி எடுத்துவரச் சோம்பல்பட்டு, என்னையே வாசிக்கச் சொன்னாள்.

"எறங்கிட்டேன் அத்தா. ரூம்ல எல்லாரும் பெருநாள் கொண்டாடிட்டுப் படுத்துட்டாங்க. ஒரு பேரீச்சம்பழம் எடுத்துத் தின்னேன். அது நோன்பு தொறந்ததா, பெருநாள் சாப்பாடான்னுதான் தெரியல."

முதல் வரியை மட்டும் அவளுக்கு வாசித்தேன்.