ஓஸ்வால்டின் மாடிப் பள்ளியில் வாத நாள்

ஓஸ்வால்ட் என் பெரியப்பா மகன். ஐம்பதை நெருங்குகிறார். ரிச்சர்ட்ஸ் டவுனில், பிறந்த வீட்டிலேயே இன்னும் இருக்கிறார். சில வருடங்கள் நாடு நாடாகத் திரிந்துவிட்டு நான் பெங்களூருக்குத் திரும்பியபோது, பின்பக்க அறையில் கிடந்த உடைந்த நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டு, “இங்க இரும்மா” என்றார். இருந்தேன். போனில் அவ்வப்போது விமான டிக்கெட்டுகளைப் பார்ப்பேன். எதையும் எடுக்கவில்லை.

அவர் கதையைச் சொல்வது சுலபம். அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். பையன் பத்தாவது முடித்ததும் குருமடத்துக்குப் போனான். அங்கே லத்தீன் பிடித்தது, சாமியார் ஆவது பிடிக்கவில்லை. வெளியே வந்தான், பி.ஏ. படித்தான், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கான பயிற்சிப் பாடங்களை எழுதுவது வேலை. விடியும் முன்பே கம்பெனி கேப் தெருமுனையில் வந்து நிற்கும். இடையில் கல்யாணம், ஒரே மகள். பிறகு ஒரு நாள், அந்தப் பாடங்களை வெளியே கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று யாரோ முடிவு செய்தார்கள். ஒரு வீடியோ அழைப்பில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

“அன்னிக்கும் வழக்கம்போல சாப்பிட்டாரு, தூங்கினாரு,” என்று அண்ணி பிலோமினா சொல்வாள். அவள் ஒரு மருத்துவமனையில் வார்டு சிஸ்டர். “அழுதா ஆறுதல் சொல்லலாம், கத்தினா திருப்பிக் கத்தலாம். இவரு சும்னே, எதுவும் செய்யாம உட்கார்ந்திருந்தாரு. அதுதான் பேஜாரா இருந்துச்சு.”

பல மாதங்கள் அப்படியே போயின. அப்புறம் பங்குக் கோயிலில் இரண்டு பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இரண்டு ஐந்தானது. கொரோனா முடிந்தபோது ஐந்து குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்து இவரிடம் விட்டன. அப்படி உருவானது மாடி ஹாலில் இருக்கும் புனித கத்தரீன் கல்வியகம். ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை, எல்லாரும் சேர்ந்து பதினோரு பேர். பரீட்சையைத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதுவார்கள். காலையில் லத்தீன், பிறகு தர்க்கம், பிறகு காம்பஸும் ஸ்கேலும் மட்டும் வைத்து வடிவக்கணிதம். மதியத்துக்கு மேல் பேச்சுக்கலையும் பழைய கிரகோரியன் தேவாலயப் பாட்டும். அண்ணி இதை ‘ஒண்ணுத்துக்கும் ஆகாத படிப்பு’ என்பாள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “கரெக்ட், அதுக்குத்தான்,” என்பார்.

இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வாத நாள். மாணவர்களில் ஒருவர் ஒரு கேள்வியைப் போர்டில் எழுதுவார். எந்தக் கேள்வியையும் ஆசிரியர் தள்ளக் கூடாது. எதிர்த்துப் பேசுகிறவர் எடுத்த உடனே எதிர்த்துவிட முடியாது. முதலில் எதிராளியின் கருத்தை, எதிராளியே ஏற்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் ‘ஆமாம், அதுதான் நான் சொல்வது’ என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் அவர் ‘இல்லை’ என்றுவிட்டால் கேள்வி விழுந்துவிடும், அதைப் பற்றி மேலே பேச முடியாது. மறுப்புக்குப் பதில் இல்லாதவர் எழுந்து நின்று ‘கொன்செதோ’ என்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கு லத்தீன். வித்யாலட்சுமி என்ற அம்மா தன் மகன் தேஜஸை இங்கே சேர்த்ததே இதற்காகத்தான். “எங்க சாஸ்திரத்துலயும் பூர்வபட்சம்னு இதேதான் சார்,” என்று முதல் நாளே சொன்னாராம்.

ஓஸ்வால்டின் மகள் ஜெசிந்தாவும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. மே மாதத்தில் பத்தாவது முடித்திருந்தாள். அம்மாவின் உதவியோடு பதினொன்று, பன்னிரண்டு படிக்க ஒரு பி.யு. காலேஜுக்கு விண்ணப்பித்திருந்தாள், சயன்ஸுக்கு. ஒரு வியாழக்கிழமை காலை, தோசைக்கு நடுவே அதைச் சொன்னாள்.

“டாடி, எனக்கு சீட் வந்திருக்கு. திங்கக்கிழமைக்குள்ள சேரணும், இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்.”

“ம்.”

“‘ம்’னா?”

“பேசலாம்மா.”

“உங்க டாடி பேசலாம்னு சொன்னா அடுத்த ஈஸ்டருக்குப் பேசுவாரு,” என்றாள் அண்ணி.

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனார். வெள்ளிக்கிழமையும் பேசவில்லை. மகள் போனால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாத்தியாரின் பெண்ணே இங்கே படிக்கவில்லை என்று ஆனால் மற்ற வீடுகளும் யோசிக்கும். அதையும் யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வாத நாள். பள்ளி வருடத்தின் கடைசி வாதம் என்பதால் பெற்றோரும் வந்திருந்தார்கள். அண்ணி டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். கேள்வி எழுத வேண்டிய முறை ஜெசிந்தாவுடையது. வழக்கமாக, பொய் சொல்லி ஒருவனைக் காப்பாற்றலாமா, மிருகங்களுக்குள் நட்பு உண்டா என்று எழுதுவார்கள். அவள் எழுதியது: பத்தாவது முடித்தவர் இந்தப் பள்ளியில் தொடர வேண்டுமா?

யாரோ இருமினார்கள். ஓஸ்வால்ட் போர்டைப் படித்தார். “யார் ஆதரிச்சுப் பேசறீங்க?” என்றார். ஒரு கையும் எழவில்லை.

“நீங்களே பேசுங்க டாடி,” என்றாள் ஜெசிந்தா.

“சார் பேசலாமா?” என்று கேட்டான் தேஜஸ். “அதுக்கு ரூல் இருக்கா?”

“கூடாதுன்னு ரூல் இல்லையே,” என்றாள் அவள்.

“இல்ல,” என்று ஓஸ்வால்ட் ஒப்புக்கொண்டார். மேஜையை விட்டு வந்து அவளுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வாதம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அன்று அவள் தமிழில் பேசலாமா என்று கேட்டாள். தலையாட்டினார்.

“இங்க படிச்சா நாங்க நல்லவங்களா ஆவோம்னு டாடி சொல்றார்.”

“இல்ல. எந்தப் பள்ளியும் யாரையும் நல்லவங்களா ஆக்காது. நான் அப்படிச் சொல்லல. ஒண்ணு.”

“உண்மை, நன்மை, அழகு மூணையும் தேடற மனசை இந்தப் படிப்பு பழக்குதுன்னு சொல்றார்.”

“அது நம்ம நோட்டீஸ்ல அச்சடிச்சது. மனப்பாடம் பண்ணியிருக்கே. ரெண்டு.”

பின்வரிசையில் ஒருத்தி சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மிச்சம் ஒரு வாய்ப்புதான். அவர் இன்னொரு தடவை ‘இல்லை’ என்றால் போதும். கேள்வி விழும், திங்கட்கிழமை கடந்துவிடும், மகள் மாடியிலேயே இருப்பாள். அதை மீறி அவள் காலேஜுக்குப் போக மாட்டாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த விதிகளில் வளர்ந்தவள் அவள்.

ஜெசிந்தா அவரைப் பார்க்காமல் பேசினாள்.

“கம்பெனிக்கு டாடி எதுக்குத் தேவைப்பட்டாரோ, அந்தத் தேவை ஒரு நாள் தீர்ந்துபோச்சு. அன்னிக்கு டாடி தனக்குள்ள பார்த்தாரு. ஒண்ணும் இல்ல. கோபம்கூட இல்ல. பயனுக்காக மட்டும் படிச்சவன், பயன் தீர்ந்ததும் காலியாயிடுவான்னு புரிஞ்சுது. பதினாறு வயசுல படிச்ச லத்தீன் மட்டும் உள்ள எங்கேயோ கிடந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் எழுந்தாரு. எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும், அன்னிக்குப் பிடிச்சுக்க ஏதாவது இருக்கணும். அதுக்காகத்தான் இந்தப் பள்ளி. இதுதான் டாடி சொல்றது. சரியா?”

அந்த வீட்டில் இதை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணி மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் கன்னடத்தில் தக்காளி விற்றுக்கொண்டு போனார். ஓஸ்வால்டின் முகத்தில் நான் எதையாவது தேடினேன். கேப் வருவதற்காகக் காத்திருப்பவர் முகம் மாதிரி இருந்தது.

“ஆமா,” என்றார். “அதுதான் நான் சொல்றது.”

ஜெசிந்தா மூச்சை விட்டாள். “அப்போ என் மறுப்பு. அது டாடிக்கு வந்த நோய். டாடியோட மாத்திரையை நாங்க முன்கூட்டியே சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். எனக்கு உடம்புக்குள்ள எலும்பு எப்படி ஒட்டுது, ரத்தம் எப்படி உறையுதுன்னு படிக்க ஆசை. வேலை கிடைக்கும்னு இல்ல. ஆசை. சுதந்திரமான மனுஷங்களுக்கான படிப்புன்னுதான டாடி இதுக்குப் பேரு வெச்சீங்க? ஆசைப்பட்டதைப் படிக்க விடாத படிப்பு எப்படி சுதந்திரமான படிப்பு?”

“பதினாறு வயசு ஆசை மாறும்.”

“மாறட்டும் டாடி. பதினாறு வயசுல நீங்க குருமடத்துக்குப் போனீங்க. அந்த ஆசையும் மாறுச்சு. ஆனா அங்க படிச்சதுதான் உங்களைத் தூக்கிவிட்டுச்சுன்னு இப்பதான் ஒப்புக்கிட்டீங்க.”

அவர் போர்டைப் பார்த்தார். ஒரு வடிவக்கணிதக் கணக்கைச் சரிபார்ப்பவர்போல உதடுகள் அசைந்தன. பிறகு எழுந்து நின்றார்.

“கொன்செதோ.”

யாரும் கை தட்டவில்லை. தேஜஸ் கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டான். கலைகிற நேரத்தில் வித்யாலட்சுமி அவர் அருகில் வந்தார்.

“சார், அப்போ இது எங்க பையனுக்கும் பொருந்துமா?”

“தேஜஸ் கேட்டா பதில் சொல்றேன்மா. நீங்க கேட்டா இல்ல.”

அந்த அம்மா சிரித்தார். ஆனால் படி இறங்கும்போது மகனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டுக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் வேறு இரண்டு தாய்மார்களும் பேசியபடி இறங்கினார்கள். ஓஸ்வால்ட் ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நான் உதவிக்குப் போனேன். “அதை விட்டுடு, கால் ஆடுது,” என்று ஒரு ஸ்டூலைக் காட்டினார்.

மதியச் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு. நாலு பேரும் உட்கார்ந்தோம். வருடக்கணக்காகக் கேட்டது கிடைத்துவிட்ட அண்ணி சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் கணவரின் தட்டில் தேவைக்கு மேல் சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“போதும்,” என்றார் அவர். பிறகு மகளிடம், “ஒரு பாயிண்டை விட்டுட்டே,” என்றார்.

“எதை?”

“ரெண்டு வருஷமா இங்க உட்கார வெச்சிருக்கேன். உனக்கு இஷ்டமான்னு ஒரு தடவைகூட நான் உன்னைக் கேட்கல. அதுதான் பலமான வாதம். அதை முதல்லயே வெச்சிருந்தா எனக்குப் பதிலே இருந்திருக்காது.”

“தெரியும் டாடி.”

“தெரிஞ்சுமா விட்டே?”

“எல்லாரும் இருந்தாங்க.” அவள் கருவாட்டின் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். “அம்மா வேற இருந்தாங்க.”

அண்ணி எழுந்து தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனாள். செம்பு மேஜைமேலேயே இருந்தது.

அவருக்கு வலித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். குழம்பைப் பிசைந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். விரல்களைத் தட்டின்மேல் அப்படியே நிறுத்தினார்.

“அங்க லாங்குவேஜ் எது எடுக்கப் போறே?” என்று மகளைக் கேட்டார்.

“கன்னடா.”

“உனக்குப் பிடிச்சிருக்கா, இல்ல சுலபம்னா?”

ஜெசிந்தா யோசித்தாள். “சுலபம்னு,” என்றாள்.

“சரி,” என்று சொல்லிவிட்டு அவர் ரசத்துக்குக் கை நீட்டினார். நான் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.