ஓடைக்குப் பந்தல் போட்ட கதை

கொசு ஒழிப்பு வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள், "ஐயா, நீங்க எந்த காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைதான். ஆனால் ஜெலாப்பாங்கில் கொசு மருந்து அடிக்கிற கம்பெனி என்னுடையது. குனோங் ராபாட்டில் கொசு கடிக்காமல் வாசலில் உட்காரக்கூடிய ஒரே வீடும் என்னுடையது. சந்தேகம் இருந்தால் சாயங்காலமாக வந்து பாருங்கள். இந்த வித்தையை நான் பிடித்தது மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், ஒரு பெரிய தப்பைச் செய்து.

1. கேட்பதற்கு முன்னால் சொன்ன யோசனை

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடற்கரைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கொசுப்புழு சாகத் தண்ணீரில் மலேரியா எண்ணெய் அடிக்கிறவனாக இருந்தேன். ஜப்பான்காரன் வந்ததும் எண்ணெய் நின்றது, என் வேலையும் போனது. சுங்காய்ப் பக்கம் மலையடி எஸ்டேட்டில் இருந்த என் அக்கா அஞ்சலை வீட்டுக்கு வந்தேன். அக்கா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவள் புருசன் காளியப்பன் மச்சானும் அப்படியே.

மறுநாள் காலை பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுகிற வேலைக்கு அதுதான் பெயர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன இடத்தில் ஒரு ஜப்பான் ஆபீசர் இருந்தார். மூக்குக்கண்ணாடி போட்டதால் ஜனங்களுக்கு அவர் கண்ணாடித் துரை. ஓட்டை மலாயில் பேசுவார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் சவரிமுத்து அண்ணன்தான் அதைத் தமிழாக்கிச் சொல்வார்.

"பத்துப் பேர் வரல. ஏன்னு கேக்குறாரு," என்றார் டிரஸர்.

"காய்ச்சல்," என்றார்கள்.

"காய்ச்சல் இல்லையாம். மாலாஸாம். சோம்பேறிங்களாம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. இரண்டு அடி முன்னால் போய்க் குனிந்து வணக்கம் வைத்துச் சொன்னேன்: "துரை, ஓடை ஓரக் காட்டை வெட்டி வெயில் விடுங்க. கொசு போயிரும், காய்ச்சலும் போயிரும். நான் பார்த்திருக்கேன்."

பொய் இல்லை. கடற்கரைச் சதுப்பில் அப்படித்தான் நடந்தது. துரைக்கும் சந்தோசம். காலியாக இருக்கிற நிலத்தில் எல்லாம் மரவள்ளி நட வேண்டும் என்று ஈப்போ மேலிடத்திலிருந்து அவருக்கு உத்தரவு. காட்டை வெட்டினால் காய்ச்சலும் போகும், கிழங்கும் வரும். ஒரு வாரத்தில் ஓடையின் இரண்டு கரையும் மொட்டையாகிவிட்டது. மேஸ்திரி வேலை எனக்கு. கூலி வீடுகள் வரிசையாக இருக்கிற லயம் முழுக்க அக்கா பெருமை பேசினாள்.

2. மூன்று பெரட்டு

இரண்டு மாதத்தில் காய்ச்சல் இரட்டிப்பானது. லயத்தில் எந்த வாசலில் பார்த்தாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் நடுங்கினார். டிரஸரிடம் இருந்த கொயினா மாத்திரை தீர்ந்து, நிலவேம்புக் கசாயம்தான் மிச்சம். மச்சானும் படுத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் துரை புதுச் சட்டம் போட்டார். தொடர்ந்து மூன்று பெரட்டு வராதவன் சோம்பேறி. சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏற்றும் லாரி அடுத்த மாதக் கடைசியில் வரும்போது அவன் ஏற வேண்டும். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி பெயர் எழுதினார். மூன்றாவது பெயர் காளியப்பன்.

சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். அதனால் வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

அக்கா சோறு போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ வரதுக்கு முந்தி பத்துப் பேரு படுத்துக் கெடந்தாங்க. நீ காட்ட வெட்டுன பொறவு இருவத்தஞ்சு. நீ கொசுவ வெரட்ட வந்தியா, கூட்டியாந்தியாடா?"

சோற்றைத் தள்ளி வைத்தேன். அப்படியே எழுந்துவிட்டேன்.

3. அகப்பை சொன்னது

நீளக் காம்பு வைத்த என் பழைய அகப்பையையும் இரண்டு வெள்ளை மங்குக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். வெட்டிய இடத்தில், வெயில் படுகிற தெளிந்த தண்ணீர் ஓரத்தில் அள்ளினேன். ஒரு மொண்டில் பதினாலு புழு. தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தன. மலேரியா கொசுவின் புழு அப்படித்தான் படுக்கும், மற்ற கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும். அப்புறம் மேலே, வெட்டாத காட்டுக்குள் போய் இருட்டுத் தண்ணீரில் அள்ளினேன். ஒன்றும் இல்லை. இருபது மொண்டு அள்ளியும் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. கடற்கரைக் கொசுவுக்கு நிழல் வேண்டும். இந்த மலையடிக் கொசுவுக்கு வெயில் வேண்டும். நான் அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். தலைமை மேஸ்திரியாக நின்று கட்டியிருக்கிறேன்.

டிரஸரைக் கூட்டிக்கொண்டு இரண்டு மங்கோடும் துரை முன்னால் போனேன். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் புழுக்களை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"தப்பு யாருதுன்னு கேக்குறாரு," என்றார் டிரஸர், என் முகத்தைப் பார்க்காமல்.

"என்னோடதுன்னு சொல்லுங்கண்ணே."

ஒரு அறை விழுந்தது. ஒன்றோடு விட்டது எனக்கே ஆச்சரியம். பிறகு துரை நிறையப் பேசினார். டிரஸர் சுருக்கினார்: "கரையிலே திரும்பக் காடு வளர்க்க முடியாதாம். ஈப்போவிலேர்ந்து வந்து பார்ப்பாங்களாம். மரவள்ளி எங்கேன்னு கேட்டா அவர் தலை போகுமாம்."

எனக்கு அந்த இடத்தில்தான் மூளை வேலை செய்தது. "மரவள்ளி இருக்கட்டும். தண்ணிக்கு மேல மட்டும் பந்தல் போடுறேன். ஓரத்துல வாழை வைக்கிறேன். வாழையும் சாப்பாடுதானே? ஈப்போவுக்கு அப்படியே எழுதட்டும்."

துரை தலையாட்டினார். "போலே," என்றார். செய்யலாம் என்று அர்த்தம். ஆனால் பெயர்ப் பட்டியல் அப்படியே இருக்கும் என்றார்.

4. பந்தல்

கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பந்தல் போட்டுப் பழகிய ஜனம் நாங்கள். மூங்கில் கால் நட்டு, அத்தாப்பு ஓலை பின்னி, ஓடையை நீளத்துக்கு மூடினோம். ஜுரம் விட்ட நேரத்தில் எழுந்து வந்தவர்கள்கூட ஓலை பின்னினார்கள்.

"ஓடைக்குக் கல்யாணமா மச்சான்? பொண்ணு யாரு?" என்று காளியப்பன் மச்சான் கம்பளிக்குள்ளிருந்து கேட்டார்.

"கொசுதான் பொண்ணு. சாந்திமுகூர்த்தம் நடக்காமப் பாத்துக்கத்தான் பந்தல்," என்றேன்.

"பேசாம வேலையப் பாருங்கலா ரெண்டு பேரும்," என்றாள் அக்கா. ஆனாலும் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு மொண்டில் புழு இரண்டாகக் குறைந்தது. புதிதாகப் படுக்கிறவர்களும் குறைந்தார்கள். ஆனால் பட்டியலில் ஏறியவர்கள் ஏறியவர்கள்தான். லாரி வர நாலு நாள் இருக்கும்போது துரை பெரட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டிரஸர் கசாயத்தைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார். மலேரியா கொசு உத்தியோகம் பார்த்துக் கடிப்பதில்லை, அவ்வளவுதான்.

லாரி வந்த அன்று துரை கம்பை ஊன்றி வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கிராணி பட்டியலை நீட்டினார். பெரட்டு வரிசை அசையவில்லை. அப்போது அக்கா, தனக்குள்ளே பேசுவது போல, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "தொரையும் நாலு பெரட்டு வரல. அவரு பேரையும் எழுதிருங்கலா."

துரை டிரஸரைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்கிற பார்வை. சவரிமுத்து அண்ணனுக்கு வேர்த்தது. ஆனாலும் மனிதர் ஒரு வார்த்தை மாற்றாமல் மலாயில் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்து அந்த எஸ்டேட்டில் அதைவிடத் தைரியமான காரியம் நடந்ததில்லை. நான் பந்தல் போட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துரை தான் ஊன்றி நின்ற கம்பைப் பார்த்தார். பிறகு பட்டியலை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். லாரிக்காரர்களிடம் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னார். லாரி காலியாகத் திரும்பியது. டிரஸர் அப்புறம் விசாரித்துச் சொன்னார்: "இது காய்ச்சல் எஸ்டேட், இங்கேயிருந்து ஆள் ஏத்தினா முகாம் முழுக்க ஒட்டிக்கும்னு சொன்னாராம்." பக்கத்து எஸ்டேட்டில் அந்த லாரி காலியாகப் போகவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வாழை குலை தள்ளிய நாளில் மச்சான் பால்வாளியோடு தன் ரப்பர் மர நிரைக்குப் போனார். முதல் வாழைத்தாரை அக்கா துரை பங்களாவுக்கு அனுப்பினாள். எனக்கு ஒரு சீப்புதான்.

தம்பிகளே, இன்றைக்கு மெஷின் இருக்கிறது, மருந்து இருக்கிறது, மேலிடத்து உத்தரவும் வேளை தவறாமல் வருகிறது. எல்லாம் இருக்கட்டும். கொசு உத்தரவு படிக்காது. நான் இந்தத் தொழிலில் பெரிய ஆள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் புது இடத்துக்குப் போனால் இன்றும் வாயை மூடிக்கொண்டு முதலில் அகப்பையைத் தண்ணீரில் விடுகிறேன். என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பேசுவேன். பேச ஆரம்பித்தால் அப்புறம் என்னை நிறுத்த முடியாது, அது வேறு விஷயம்.