சின்னம்மாவுக்கு நாவூறு கழித்த விடுமுறை

வடிவவியலில் இன்று பெயர்பெற்ற ஆராய்ச்சியாளராக விளங்கும் என் சின்னம்மா, ஒரு விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் நோயாளியாகவே நடத்தப்பட்டார்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தவர், உள்துறைமுகத்தைப் பார்த்த அறையில் கூரையை நோக்கியபடி படுத்துக்கிடப்பார். இல்லையேல் முற்றத்துக் கொடியில் அம்மாவின் ஈரச்சேலை காற்றில் உப்பித் தணிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வளைந்த பரப்புகளைப் பற்றிய ஒரு கூற்றை நிறுவப் பல ஆண்டுகளாக முயல்வதாகவும், அது கைகூடினால்தான் அங்கே தம் வேலை நிலைக்குமென்றும் வந்த அன்றே சொல்லியிருந்தார். ஆனால் வேலை என்றால் கையாவது வாயாவது அசையவேண்டும் என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை.

“படுத்துக்கிடக்கிறதுக்குச் சம்பளம் தாறாங்களெண்டால் எனக்கும் ஒரு இடம் கேட்டுப் பாரன்,” என்றார் துறைமுகத்தில் வேலைசெய்த அப்பா.

“கேக்கலாம் அத்தான். ஆனால் அங்க குறட்டை விட ஏலாது,” என்றார் சின்னம்மா, கூரையிலிருந்து கண்ணெடுக்காமலே.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றை அளைந்துவிட்டு எழும்பும் தங்கைமேல் யாருடைய கண்ணோ பட்டுவிட்டதென்று முடிவுசெய்தார். ஒரு செவ்வாய்க்கிழமை செத்தல் மிளகாயையும் உப்பையும் சின்னம்மாவின் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டார். “பாத்தியளே, ஒரு கமறலும் இல்லை. அவ்வளவு நாவூறு!” வாசலில் நின்று அப்பா இருமியதை அம்மா பொருட்படுத்தவில்லை.

மறுநாள் மத்தியானம் சின்னம்மா தாமாகவே குசினிக்கு வந்தார். “அக்கா, பசிக்குது. சோறு போடுங்கோ.” மீன்குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மிளகாய் வேலைசெய்துவிட்டதென்று அம்மா அயல்வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டார்.

கிணற்றடியில் சின்னம்மா கைகழுவ நான் தண்ணீர் ஊற்றினேன்.

“கணக்குச் செய்து முடிச்சிட்டீங்களோ, சின்னம்மா?”

“இல்லைக் குஞ்சு. இவ்வளவு காலமும் நான் நம்பினது பிழையெண்டு இண்டைக்குத்தான் கண்டுபிடிச்சன்.”

பள்ளிக்கூடத்தில் என் கணக்குகள் நாள்தோறும் பிழையாகிக்கொண்டிருந்தன. எனக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. “அழிச்சுப்போட்டுத் திருப்பிச் செய்யுங்கோவன்,” என்றேன்.

அவர் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். பிறகு முகத்தையும் கழுவிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

“ஓம். அப்பிடித்தான் செய்யவேணும்.”

நல்ல வழி சொல்லிக்கொடுத்த பெருமையோடு நான் விளையாட ஓடினேன். நான் அழித்துப் பழகியது அரைப்பக்கம். அன்று அவர் அழிக்கவேண்டியிருந்தது தம் இளமையின் பெரும்பகுதியை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.