முத்திரையில் பட்ட சந்தனம்

ராணுவத்தில் எனக்கு வாய்த்தது துப்பாக்கி இல்லை, ஒரு பெட்டி. செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவி. நம் பேச்சு எதிரிக்குப் புரியாதபடி மாற்றுகிற ரகசிய எண்கள் அதற்குள் இருந்தன. மூடியில் ஒரு காகித முத்திரை. அது கிழிந்தால் எவனோ திறந்துவிட்டான் என்று அர்த்தம். விசாரணை முடியும்வரை காவலுக்கு இருந்தவன் முகாமைவிட்டு நகரக்கூடாது, போனும் கிடையாது.

சுனாமிக்குப் பிந்தைய ஒரு வருடம், கீழவாஞ்சூர்க் கடற்கரையில் தற்காலிகமாக முகாம் போட்டார்கள். என் ஊர் வரிச்சிக்குடி, பஸ் மாறிப் போனாலும் ஒரு மணி நேரம்தான். ஆனால் பெட்டி இருக்கும் இடத்தை வீட்டுக்கும் சொல்லக்கூடாது. அம்மாவிடம் வடக்கே இருப்பதாகச் சொல்லிவைத்தேன். பெரிய தேசபக்தன் என்ற நினைப்பு வேறு. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அவள் போனில் அழுதாள். லீவு கேட்டேன், ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து கிடைத்தது.

பூஜையன்று துப்பாக்கிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தார்கள். நானும் என் பெட்டிக்குச் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பினேன். அப்பாவை நினைத்துக்கொண்டுதான் அப்பினேன். காலையில் பார்த்தால், ஈரத்தில் ஊறி முத்திரை பாதி உரிந்து கிடந்தது.

அடுத்த காவலுக்கு வந்த திருவாரூர்க்காரன் பதறிவிட்டான். "அண்ணே, நீங்க பேசாம ஊருக்குக் கிளம்புங்க. அப்புறமா நான் பாத்துக்குறேன்." நான் கிளம்பினால் பழி அவன் தலையில் விழும். அதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன்.

எண்களை அழித்தார்கள். என் லீவையும் நிறுத்தினார்கள். விசாரிக்க வந்தவர்கள் சந்தனம் எந்தக் கடையில் வாங்கியது என்று ஒன்பது நாள் கேட்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. எதிரி எவனும் திறக்கவில்லை என்று கடைசியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, லீவு கொடுத்து என்னை விட்டார்கள்.

வருகிறேன் என்று சொல்ல வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள்.

"அப்பா நேத்து காலையில போயிட்டாருப்பா. ஒன் ஆபீஸ் நம்பருக்கு எத்தனை தடவ அடிச்சோம். நீ அவ்ளோ தூரத்துலேந்து வர மூணு நாளாவும்னு, சாயங்காலமே எடுத்துட்டோம். தம்பிதான் கொள்ளி வச்சான்."

"இப்ப நீ எங்க இருக்கப்பா?" என்றாள்.

"வடக்கேதாம்மா" என்றேன்.

மூன்றாம் நாள்தான் பஸ் ஏறினேன்.