பெயர் கேட்காத படலை

சிட்னியிலிருந்து வந்த நான், கிரான்பர்ன் என்ற ஊரின் ஞாயிறு சந்தையில் நிற்கிறேன். எண்ணெயில் ரொட்டி பொரிக்கும் பெண்ணின் பலகையில், விலைகளுக்கு மேலே இரண்டெழுத்துச் சொல் ஒன்று: ár. ‘ஆர்’ என்று வாசிக்க வேண்டுமாம்.

அவளுடைய தாயின் ஹங்கேரிய மொழியில் அது விலை. பக்கத்தில் தேன் விற்கும் அயர்லாந்துக்காரரின் மொழியில் ‘எங்கள்’. ஒருமுறை வந்த ஐஸ்லாந்துக்காரர் வேறு மாதிரி உச்சரித்து, வருடம் என்றாராம். வேர்கள் வேறு, எழுத்து மட்டும் ஒன்று என்று சிரிக்கிறாள்.

“உங்கள் மொழியில் இருக்கிறதா?”

“ஓம். யாழ்ப்பாணத்தில் ‘யார்’ என்பதை ‘ஆர்’ என்போம். படலையைத் தட்டினால் உள்ளேயிருந்து அம்மா ‘ஆர் அது?’ என்று கேட்பா. ‘நான்தான்’ என்று சொன்னால் போதும். ‘வா, வா, திறந்துதான் கிடக்கு’ என்பா.”

“பெயர் சொல்லாமலா?”

“குரல் தெரியும்தானே.”

என் ரொட்டி இன்னும் பொரியவில்லை. காகிதப் பையில் எழுதுவதற்குப் பேனாவை எடுத்துக்கொண்டு என் பெயரைக் கேட்கிறாள்.

எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். பிறகு, இன்னொரு முறையும்.